பில் போடாத சாமான்

கே.கே. நகர், சென்னை
28.1.2024

ஏ சீனி,

காகிதம் எழுதினால் முதலில் சுகமா என்று கேட்க வேண்டும். உன்னிடம் அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம். அதைச் சுகம் என்று எழுதலாமா, தெரியவில்லை.

உன் காரியமெல்லாம் முடிந்து ஊர்க்காரர்கள் போய்விட்டார்கள். சுரண்டையிலிருந்து வந்த முருகன் மாமாவும் அத்தையும் கடைசியாகப் போனார்கள். உன் படத்துக்கு அப்பா சட்டம் போட்டு எடுத்து வந்தார். கீழே உன் பள்ளிக்கூடப் பேர், மாளவிகா என்று எழுதியிருக்கிறது. சட்டத்தில் ஒரு மூலை உடைந்திருக்கிறது. அதுவும் நம் கடையில் விலை போகாததுதான்.

உனக்குத் தெரியாததா? அடி நசுங்கிய குடம், மூடி சேராத குக்கர், யாரோ வாங்கிப் போய்த் திருப்பிக் கொடுத்த மிக்ஸி, இவைதான் நம் வீட்டுக்கு வரும். நல்ல சாமான் தி.நகர் கடையில் கண்ணாடி அலமாரியில் இருக்கும். அதை வீட்டுக்கு எடுத்தால் நஷ்டம் என்பது அப்பா கணக்கு. "எம்மா, எனக்கு வாற மாப்பிள்ளையும் எவளோ ரிட்டன் பண்ணுனவனாத்தான் இருப்பான்" என்று நீ சொன்னாய். அன்றைக்கு அப்பாவே சிரித்துவிட்டார்.

அந்த ஹீட்டர் ராடும் அப்படி வந்ததுதான். கார்த்திகையில் ஒரு அம்மாள் வாங்கிப் போய், "சுர்ருன்னு இழுக்குதுப்பா, எனக்கு வேணாம்" என்று திருப்பிக் கொடுத்தாள். அப்பா வயரில் டேப் சுற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தார். மார்கழி விடியலில், அடையாறு ஆபீசுக்குப் போகிற அவசரத்தில் எவர்சில்வர் வாளியில் அதைப் போட்டாய். நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் எழுத வரவில்லை.

அந்த ராடை அப்பா அன்றைக்கே எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். ஆனால் அதே சரக்கு கடைப் பரணில் பெட்டி பெட்டியாக இருக்கிறது. இன்னொரு வீட்டுக்கு அது போகக்கூடாது சீனி. அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் இந்த உடம்பில் தெம்பு இருந்தால் போதும்.

உன் அம்மா

*

கே.கே. நகர்
18.2.2024

அன்புள்ள மதினி உலகம்மாளுக்கு,

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அண்ணனுக்குச் சர்க்கரை குறைந்ததா? காரியத்துக்கு வந்து என்னைக் குளிக்க வைத்துச் சோறு ஊட்டிவிட்டுப் போனீர்கள். அதை மறக்க மாட்டேன்.

போனில் பேசினால் அண்ணன் ஸ்பீக்கரில் போடச் சொல்கிறான். அதனால்தான் காகிதம். அங்கன்வாடி டீச்சர் பேருக்குப் போட்டிருக்கிறேன். வாங்கிக்கொள்ளுங்கள்.

நேற்று கடைக்குப் போய்ப் பரணில் ஏறினேன். ராடுப் பெட்டியை இறக்கி, திருப்புளி வைத்து ஒரு பிளக்கைக் கழற்றினேன். வெளியில் பார்த்தால் மூன்று பின் இருக்கிறது. உள்ளே இரண்டு பின்னில்தான் வயர் கட்டியிருக்கிறது. மூன்றாவது பின் சும்மா நிற்கிறது. இன்னொன்றைக் கழற்றினேன். அதுவும் அப்படித்தான். கழற்றக் கழற்ற எல்லாம் அப்படித்தான்.

இவரைக் கூப்பிட்டேன்.

"இந்தப் பின்னு எதுக்கு?"

"எர்த்துக்கு."

"எர்த்துன்னா என்னது?"

"ராடு கெட்டுப் போனா கரண்டு அது வழியா மண்ணுக்குள்ள போயிரும்."

"இதுல அந்த வயரே இல்லியே. அப்ப எங்க போவும்?"

இவர் கல்லாவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கவிழ்த்தபடியே, "மச்சான் எறக்குன சரக்கு வடிவு. நான் கழத்திப் பாத்தனா?" என்றார்.

பெட்டி மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரை அச்சடித்திருக்கிறது. அந்த முத்திரையோடு ஒரு நம்பர் இருக்க வேண்டுமாம். இதில் இல்லை. வெறும் படம்.

அண்ணன் மொத்தமாக வாங்கிப் பாதியை இங்கே அனுப்பினான். மீதி பாதி உங்கள் சுரண்டைக் கடையில் இருக்கிறது. விற்க வேண்டாம் என்று அவனிடம் சொல்லுங்கள். கோவில் கொடைக்கு வந்தபோது உங்கள் குளியலறையிலும் ஒன்று மாட்டியிருப்பதைப் பார்த்தேன். லாவண்யா பிரசவத்துக்குத் தாய்வீடு என்று உங்களிடம்தானே வரப்போகிறாள்? அதை முதலில் தூக்கி எறியுங்கள்.

எறிந்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

வடிவு

*

சுரண்டை
20.3.2024

அன்பு நாத்தனார் சண்முகவடிவுக்கு மதினி எழுதுவது.

உன் வீட்டுக்காரர் நல்லசிவம் தம்பி சாப்பிடுகிறாரா? நீ பிரஷர் மாத்திரையை நிறுத்தாதே. எனக்குக் கால் வீக்கம் அப்படியே இருக்கிறது. வைத்தியர் எண்ணெய் கொடுத்திருக்கிறார். நாற்றம் தாங்கவில்லை.

லாவண்யா வந்துவிட்டாள். மசக்கை விட்டபாடில்லை. புளி சேர்த்தது எல்லாம் வேண்டும் என்கிறாள். வெயில் இப்போதே கொளுத்துகிறது. அம்மன் கோவிலில் சீனி பேருக்கு விளக்குப் போட்டேன். பூசாரி நட்சத்திரம் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீ எழுதியதைப் படித்தேன். டீச்சர் வீட்டிலேயே உட்கார்ந்து படித்துவிட்டு, அங்கேயே அடுப்பில் போட்டுவிட்டேன்.

நீ பரணில் எல்லாம் ஏறாதே. விழுந்து தொலைத்தால் யார் பார்ப்பது? மனசை வேறு பக்கம் திருப்பு. மாவடு போட்டிருக்கிறேன், ஆள் வந்தால் கொடுத்து விடுகிறேன்.

உலகம்மாள்

*

கே.கே. நகர்
7.4.2024

மதினிக்கு,

மாவடு வந்தது. சீனிக்குப் பிடித்தது என்று அனுப்பியிருக்கிறீர்கள். திறக்காமல் வைத்திருக்கிறேன். லாவண்யாவுக்கு வாந்தி நின்றதா?

நான் கேட்ட ஒரு வரியை நீங்கள் எழுதவில்லை.

நான் இப்போது தினமும் கடைக்குப் போகிறேன். வாசலில் ஸ்டூல் போட்டு உட்காருகிறேன். யார் எந்தக் கரண்டு சாமான் கையில் எடுத்தாலும் வாங்கிப் பார்க்கிறேன். நேற்று ஒரு அம்மாள், கோடம்பாக்கமாம், பேரம் பேசி முடித்துவிட்டு இஸ்திரிப் பெட்டியோடு வெளியே வந்தாள்.

"நம்பர் இருக்கான்னு பாத்தியாம்மா?" என்றேன்.

"இன்னா நம்பர்?"

"முத்திரைக்கு மேல. அப்புறம் பில்லு வாங்கினியா?"

"பில்லு போட்டா ரேட்டு ஏறும்னு கல்லாவுல கீற ஆளு சொன்னாரே."

"ஏறட்டும். போய் வாங்கு. கடையிலயே பிளக்குல சொருகிக் காட்டச் சொல்லு. வீட்டுல எர்த்து இருக்கான்னு பாரு. தண்ணி, துணி எது பக்கத்துல வச்சாலும் சுவிச்ச ஆஃப் பண்ணி, பிளக்கப் புடுங்கிட்டு அப்புறம் தொடு."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ இன்னா, இந்தக் கடைக்கு எதிர்க்கடையா?"

"இது என் வீட்டுக்காரர் கடைதான்."

"சரிதான்! பொண்டாட்டியே வேணாம்னு சொல்லிக்கினுகீற கடையில நான் எதுக்கு வாங்கணும்?" என்று பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

இவர் பெட்டியை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். கடை சாத்தும்போது, "மொத்தமா மூடிரலாமாட்டி?" என்று கேட்டார். மூடுங்கள் என்றேன். இவர் ஷட்டரைப் பிடித்தபடி அழுதார். எனக்கு அவரைத் தொடக் கை வரவில்லை மதினி. டேப் சுற்றிய கை அது.

ராடை எறிந்தீர்களா?

வடிவு

*

சுரண்டை
2.6.2024

வடிவுக்கு,

இங்கு எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். பதில் எழுதத் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. லாவண்யாவுக்கு வளைகாப்பு நடந்தது. உன்னைக் கூப்பிடக்கூடாதென்று இல்லை, துக்கம் வருஷம் திரும்பாமல் எப்படிக் கூப்பிடுவது என்றுதான். வயிறு இறங்கியிருக்கிறது, பெண்தான் என்கிறார்கள்.

இப்போது நான் விறகு அடுப்பில்தான் வெந்நீர் வைக்கிறேன். புகை கண்ணைக் கரிக்கிறது. உங்க அண்ணன், "வீட்டுல கரண்டு சாமான வச்சுக்கிட்டு ஏன் ஊதுகுழல ஊதுத?" என்று சத்தம் போட்டார். விறகு வெந்நீர்தான் பிள்ளைத்தாய்ச்சிக்கு நல்லது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இதற்கு மேல் என்னிடம் கேட்காதே வடிவு. கடைக் காரியம் எனக்குத் தெரியாது.

உங்க அண்ணன் இந்த மாதம் சென்னைக்கு வருகிறார். சண்டை போட்டுவிடாதே. உனக்குக் கூடப்பிறந்தவன் என்று இருப்பது அவர் ஒருத்தர்தான்.

உலகம்மாள்

*

கே.கே. நகர்
30.6.2024

அன்புள்ள மதினிக்கு,

நீங்களும் பிள்ளைத்தாய்ச்சியும் நன்றாக இருக்க வேண்டும். வெந்நீரைப் பற்றி எழுதியிருந்ததைப் பலமுறை படித்தேன். உங்களுக்குப் புண்ணியம்.

அண்ணன் வந்தான். வந்ததும் சீனி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான். நான் ஒரு பிளக்கைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன்.

"இத நீ பாத்தியாண்ணே?"

"பாக்கல வடிவு. சத்தியமாப் பாக்கல. நான் டெல்லிக்காரன்ட்ட ரேட்டு மட்டுந்தான் கேட்டேன்."

"இப்பப் பாத்தாச்சுல்லா?"

"பாத்தாச்சு."

"இனி என்ன செய்யப் போற?"

"அத்தனையும் எடுத்துட்டுப் போயி ஒடச்சு, பழைய இரும்புல போட்டுருதேன். இங்க உள்ளதும் சரி, அங்க உள்ளதும் சரி." படத்தின் மேல் கை வைத்துச் சொன்னான். "தாய்மாமன் சொல்லுதேன்."

கடையில் இருந்த அத்தனை பெட்டியையும் அவனே லாரியில் ஏற்றினான். பரணைத் துடைத்து விட்டேன். அன்றைக்கு அவனுக்கு மீன் குழம்பு வைத்தேன். சீனி போன பிறகு இந்த வீட்டில் மீன் வாங்கியது அன்றைக்குத்தான். இவரும் சாப்பிட்டார். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம்.

அவன் உடைக்கும்போது நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். நின்று பார்த்தேன் என்று எனக்கு எழுத வேண்டும். அண்ணனை நம்பாமல் இல்லை. நான் பார்க்க முடியாததை நீங்கள் பார்த்தால் எனக்குத் தூக்கம் வரும்.

வடிவு

*

கே.கே. நகர்
25.8.2024

மதினிக்கு,

லாவண்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று அண்ணன் போனில் சொன்னான். தாயும் பிள்ளையும் சுகமாக இருக்கட்டும். உங்களிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். தூங்குகிறாள் என்றான். பகலில் தூங்குகிற ஆளா நீங்கள்?

மயிலாப்பூரில் நுகர்வோருக்கு யோசனை சொல்கிற சங்கம் ஒன்று இருக்கிறதென்று கேள்விப்பட்டுப் போனேன். சிம்ரா என்று ஒரு பெண் இருந்தாள். சீனி வயதுதான். நாற்காலி எடுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, முழுவதையும் கேட்டாள்.

"பில் இருக்காம்மா?"

"சொந்தக் கடைம்மா. எங்க வீட்டுக்கு எதுக்கும் பில் போட மாட்டாங்க."

"அப்போ அதை நீங்க வாங்கலையே. உங்க வீட்டுக்காரர் வித்தவராச்சே."

"வாங்காட்டி என்னம்மா? செத்தது என் பிள்ளைல்லா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வேறொரு வழி சொன்னாள். கடைக்காரரே, இந்தச் சரக்கு இப்படி, இன்னாரிடம் வாங்கினேன், இத்தனை பேருக்கு விற்றிருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் மேலே அனுப்பலாம், விற்றதையும் திரும்பக் கேட்கலாம் என்றாள். கூடவே ஒரு ராடும் வேண்டுமாம்.

ஒன்றுகூட வைத்துக்கொள்ளாமல் அண்ணனிடம் ஏற்றிவிட்டேனே மதினி.

இவரிடம் எழுதச் சொன்னேன். "மச்சானை நானே புடிச்சுக் குடுக்கவா? அவருதான் எல்லாத்தையும் ஒடச்சுட்டாருல்லா, பொறவு என்னத்துக்கு?" என்றார்.

உடைத்தாகிவிட்டதென்று நீங்கள் இன்னும் எழுதவில்லை. எழுதுங்கள் மதினி. பொய்யாக மட்டும் எழுதாதீர்கள் என்று சொல்ல நினைத்தேன். பொய்யென்றாலும் பரவாயில்லை என்றும் சில நேரம் தோன்றுகிறது.

வடிவு

*

சுரண்டை
13.10.2024

வடிவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். மாத்திரை போடுகிறாயா?

உங்க அண்ணன் உடைக்கவில்லை.

லாரி வந்ததும் பின்கட்டில் இறக்கினார். கடைப் பெண்களை வைத்துப் பழைய பெட்டியைக் கிழித்துப் போட்டுவிட்டு, மஞ்சள் பெட்டியில் போட்டு ஒட்டச் சொன்னார். மேலே ஒரு குழந்தை சிரித்துக்கொண்டே குளிக்கிற மாதிரி படம். ஆள் போதவில்லை என்று என்னையும் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன் வடிவு. இந்தக் கையால்தான் ஒட்டினேன். மூன்று பின்னையும் பார்த்துக்கொண்டே ஒட்டினேன்.

"சீனி படத்துல கை வச்சுச் சத்தியம் பண்ணினீகளாமே" என்று கேட்டேன். "போனவ போயிட்டா. போட்ட முதல ஆத்துலயா விட முடியும்? அவ வாளி எவர்சில்வரு, நேரம் சரியில்ல. எல்லாரும் பிளாஸ்டிக் வாளியிலதான் போடுதாங்க, ஒண்ணும் ஆவாது" என்றார். அதற்கு மேல் கேட்டால் அடிப்பார். அடியும் வாங்கினேன், அது கிடக்கட்டும்.

ஒரு வியாபாரி வந்து மொத்தமாக எடுத்துப் போய்விட்டான். எந்த ஊர் என்று கேட்டேன். மெட்ராஸ்தானாம். அங்கேதான் ஹாஸ்டலும் வாடகை ரூமும் அதிகம், மார்கழிக்குள் விற்றுவிடும் என்றானாம்.

இதையெல்லாம் ஆனி மாதமே எழுதியிருக்க வேண்டும். பேரப்பிள்ளை பிறக்கிற நேரத்தில் வீட்டில் ரகளை வேண்டாமென்று இருந்துவிட்டேன்.

இன்னொன்று. குழந்தைக்கு மாளவிகா என்று பேர் வைக்க வேண்டும் என்கிறார் உங்க அண்ணன். சீனியே திரும்பி வந்துவிட்டாள் என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்கிறார். சொல்லும்போது நிஜமாகவே அழுகிறார்.

இந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடு. இனி டீச்சர் பேருக்கு எழுதாதே. அவளுக்கு மாற்றல் வந்துவிட்டது.

உலகம்மாள்

*

கே.கே. நகர்
20.10.2024

மதினிக்கு,

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பட்ட அடிக்கு மஞ்சள் பற்றுப் போடுங்கள்.

உங்கள் காகிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து போய்விட்டார். மறுநாளிலிருந்து கடை திறக்கவில்லை. சிம்ரா சொன்ன மாதிரி எழுதிக் கொடுக்கவுமில்லை. பேனாவைக் கையில் வைத்துவிட்டு வருவேன், திரும்பி வந்து பார்த்தால் வெள்ளைத் தாள் அப்படியே இருக்கும். அந்த மனிதருக்கு இனி ஒன்றும் முடியாது.

உங்கள் காகிதத்தை எடுத்துக்கொண்டு நானே போகலாம். போனால் ஒட்டியது யார் என்று கேட்பார்கள். அதில் உங்கள் பேர் இருக்கிறது. அதனால் சொன்னபடி கிழித்துவிட்டேன். கிழித்த பிறகு, நானும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டியது மாதிரி இருக்கிறது.

அந்தப் பேரை வைக்க வேண்டாம். வைத்தால் என்னால் தடுக்க முடியாது.

இதை எந்தப் பேருக்கு அனுப்புவதென்று தெரியவில்லை. உங்கள் பேருக்கே போடுகிறேன். அண்ணன் பிரித்துப் படித்தால் படிக்கட்டும்.

வடிவு

*

கே.கே. நகர்
29.12.2024

ஏ சீனி,

இந்த முறையும் சுகம் கேட்காமல்தான் ஆரம்பிக்கிறேன். அப்பா படுத்தபடியே இருக்கிறார். காய்ச்சல் என்று ஒன்றும் இல்லை. எனக்குக் கால் வீங்கியிருக்கிறது, நடக்கிற நடை அப்படி.

மஞ்சள் பெட்டியைத் தேடிப் போகிறேன். ரங்கநாதன் தெரு, பாண்டி பஜார், திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே பிளாட்பாரம். ஒரு பையில் திருப்புளி வைத்திருக்கிறேன். முதலில் கழற்றிப் பார்க்க விட்டார்கள், இப்போது என்னைக் கண்டாலே சரக்கை மூடுகிறார்கள்.

"இன்னாமா, டெய்லி வந்து ராடு கேக்குற. வெந்நீர்ல கடை போடப்போறியா?" என்று ஒருத்தன் கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் நின்றேன். அவன் கடையில் இருந்தது வேறு சரக்கு. கழற்றிப் பார்த்தேன், மூன்று வயரும் இருந்தது. "இது நல்ல சாமான்தாம்பா" என்று கையில் கொடுத்தேன். "டாங்க்ஸுமா, ஐ.எஸ்.ஐ. ஆபீசரே சொல்ட்டாங்க" என்று எல்லாரிடமும் கூவினான்.

அடையாறில் உன் ஆபீசுக்குப் பின்னால் ஒரு லேடீஸ் ஹாஸ்டல் இருக்கிறதே, அங்கே போனேன். ஈரத் தலையோடு ஒரு பெண் படியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள். ராடு வைத்திருக்கிறாயா, பெட்டி மஞ்சளா என்று கேட்டேன்.

"ஆமா ஆன்ட்டி. எல்லா ரூமுக்கும் ஹாஸ்டல்லயே வாங்கிக் குடுத்தாங்க. சூப்பரா, சீக்கிரமா சூடாகுது."

"அத எடுத்துட்டு வர்றியாம்மா, ஒரு தடவ பாத்துட்டுத் தந்துடுறேன்."

அதற்குள் வார்டன் வந்துவிட்டாள். "யாரும்மா நீ? எந்தக் கம்பெனி?" என்றாள். என் பொண்ணு செத்துப்போயிட்டா என்று ஆரம்பித்தேன். காசு கேட்க வந்தவள் என்று நினைத்து வாட்ச்மேனைக் கூப்பிட்டாள். கேட்டுக்கு வெளியே நின்று, "அத எடுக்காதீங்கம்மா, பிளக்கப் புடுங்கிப் போடுங்கம்மா" என்று மாடியைப் பார்த்துக் கத்தினேன். இரண்டு ஜன்னல் திறந்தது. ஒரு பெண் போனில் படம் எடுத்தாள். மறுநாள் சிம்ரா எனக்காகப் போய்ப் பார்த்தாள். அவளையும் உள்ளே விடவில்லை. பில் கேட்டார்களாம், எந்தச் சாமானைப் பற்றிப் புகார் என்று.

சுரண்டையிலிருந்து பேர் வைக்கிற விழாவுக்குப் பத்திரிகை வந்தது. உன் பேர்தான். அத்தை ஒரு வரியும் எழுதவில்லை.

இன்றைக்கு விடியலில் நல்ல பனி. நம் தெருவில் வீட்டுக்கு வீடு குளியலறையில் விளக்கு எரிந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு நடந்தேன். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டால் அடுத்த வீட்டுக்குப் போவேன். கேட்காத வீட்டில் நிற்பேன். இந்த ஊரில் எத்தனை தெரு, நான் எத்தனை வாசலில் நிற்க முடியும்? இங்கே யாரைக் கேட்டாலும் மற்றப் பெட்டியெல்லாம் எங்கே போனது என்று சொல்ல மாட்டார்கள். உன்னிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

சீனி, இந்த மார்கழியில் அங்கே புதிதாக யாராவது வந்தார்களா?